ஸ்பீக்கர் வாங்கும்போது பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள்

வீட்டுக்கு ஸ்பீக்கர் வாங்கணும், எந்த பிராண்டு நல்லது என்று கேட்பவர்கள் என்னிடம் எதிர்பார்ப்பது ஒரே ஒரு பெயரைத்தான். ஜேபிஎல் என்றோ போஸ் என்றோ சொல்லிவிட்டால் பேச்சு சுமுகமாக முடிந்துவிடும். அதை விட்டுவிட்டு, "அந்தக் கம்பெனி இப்ப யார் கையில இருக்கு தெரியுமா?" என்று நான் ஆரம்பித்தால், கேட்டவர் மெல்ல செல்போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கிவிடுவார். ஆனாலும் ஆரம்பிக்க வேண்டிய இடம் அதுதான்.

பௌவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் என்று ஒரு இங்கிலாந்து பிராண்டு. 1966-ல் வொர்த்திங் என்ற கடலோர ஊரில் ஜான் பௌவர்ஸ் தொடங்கியது. பீட்டில்ஸ் பாடிய ஆபி ரோடு ஸ்டூடியோவில் ஒலிப்பதிவைச் சரிபார்க்க வைத்திருப்பது அவர்களுடைய ஸ்பீக்கர்களைத்தான். அப்படிப்பட்ட கம்பெனி 2016-ல் ஒரு சிலிக்கான் பள்ளத்தாக்கு ஸ்டார்ட்-அப்புக்குக் கைமாறியது. 2020-ல் சவுண்ட் யுனைடெட் என்ற குழுமம் வாங்கியது. 2022-ல் அந்தக் குழுமத்தையே மொத்தமாக மாசிமோ வாங்கியது. மாசிமோ யாரென்றால், கொரோனா காலத்தில் விரலில் மாட்டிக்கொண்டு ஆக்ஸிஜன் அளவு பார்த்தோமே, அந்தப் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் தொழில்நுட்பத்தில் பேர் போன அமெரிக்க மருத்துவக் கருவி நிறுவனம். சுமார் 100 கோடி டாலர் கொடுத்து வாங்கினார்கள். 2025-ல் 35 கோடி டாலருக்கு ஹார்மனிடம் தள்ளிவிட்டார்கள். மருத்துவக் கருவிக்காரர்களுக்கு ஸ்பீக்கர் எதற்கு என்று அவர்களுடைய பங்குதாரர்களே கேட்டிருப்பார்கள்.

அந்த விற்பனையில் டெனான், மராண்ட்ஸ், போல்க் எல்லாமே சேர்ந்து ஹார்மனுக்குப் போயின. ஹார்மனிடம் ஏற்கெனவே ஜேபிஎல், இன்ஃபினிட்டி, ஹார்மன் கார்டன் இருந்தன. ஹார்மனோ 2017-லிருந்து சாம்சங்குக்குச் சொந்தம். ஆக, ஜேபிஎல்லா போல்க்கா என்று கடையில் நின்று மண்டையை உடைத்துக்கொள்பவர் எதை வாங்கினாலும் பணம் கடைசியில் ஒரே கல்லாவுக்குத்தான் போகிறது.

கிளிப்ஷ் கதையும் இப்படித்தான். 1946-ல் அர்க்கன்சாஸ் மாநிலத்தின் ஹோப் என்ற சின்ன ஊரில் பால் கிளிப்ஷ் தொடங்கியது. சுவர் மூலையையே, ஒலியைப் பெருக்கும் புனலான ஹார்னின் நீட்சியாகப் பயன்படுத்தும் அவருடைய மூலை ஸ்பீக்கர் இன்றும் தயாராகிறது. 2025 முதல் அதன் உரிமையாளர் ஜென்டெக்ஸ். இருட்டில் பின்னால் வரும் வண்டியின் வெளிச்சம் கண்ணைக் கூசவைக்காமல் தானே மங்கிக்கொள்ளும் கார் கண்ணாடி செய்கிறவர்கள் அவர்கள். ஆம்ப்ளிஃபயரில் கொடிகட்டிப் பறந்த ஜப்பானின் ஆங்கியோ 2022-ல் திவாலானது. பெயர் மட்டும் வேறு கைக்குப் போய் இன்னமும் ஆம்ப்களின் நெற்றியில் வந்துகொண்டிருக்கிறது.

கைமாறினாலே கெட்டுப்போச்சு என்று நான் சொல்ல வரவில்லை. வார்ஃப்டேல் 1932-ல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், இல்க்லி என்ற ஊரில், கில்பர்ட் பிரிக்ஸ் தன் வீட்டு நிலவறையில் ஆரம்பித்தது. இன்று ஐ.ஏ.ஜி. என்ற சீனக் குழுமத்தின் கையில் இருக்கிறது. உற்பத்தி சீனாவில், வடிவமைப்புக் குழு இங்கிலாந்தில். அவர்களுடைய டயமண்ட் வரிசை ஸ்பீக்கர்கள் அந்த விலைக்கு இன்றைக்கும் நியாயமான பொருள். பிரிக்ஸிடம் வேலை பார்த்த ரேமண்ட் குக் தனியே வந்து 1961-ல் தொடங்கியது கெஃப். அது 1992-லிருந்து ஹாங்காங்கின் கோல்ட் பீக் குழுமத்துக்குச் சொந்தம். ஆனாலும் தாழ்ந்த ஒலிக்கான வூஃபரின் நடுமத்தியில் உச்ச ஒலிக்கான ட்வீட்டரை உட்கார வைக்கும் அவர்களுடைய யுனி-க்யூ தொழில்நுட்பம் தலைமுறை தலைமுறையாக மெருகேறிக்கொண்டே வருகிறது. முதலாளி மாறினாலும் வடிவமைப்பவர்களும் சோதனைக்கூடமும் அப்படியே இருந்தால் பெயரில் சரக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

சரக்கே இல்லாத பெயர்களும் உண்டு. எண்பதுகளில் துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்தவர்கள் தோளில் சுமந்து இறக்கிய டூ-இன்-ஒன்களை நினைத்துப் பாருங்கள். அகாய், சான்சுய் என்ற எழுத்துகளைத் தடவிப் பார்த்தே வளர்ந்த தலைமுறை நாங்கள். அந்தப் பெயர்களில் இன்று வரும் பொருளுக்கும் அந்தக் கால ஜப்பானியப் பொறியாளர்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பெயரை உரிமம் எடுத்து, சீனத்திலோ இங்கேயோ ஏதோ ஒரு தொழிற்சாலையில் தயாரான சரக்கின் மேல் ஒட்டுகிறார்கள். பொருள் மோசமாகத்தான் இருக்கும் என்பதில்லை. ஆனால் பழைய பெயருக்காக நூறு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள்.

இன்ஃபினிட்டி இதில் வேறு ரகம். 1968-ல் அமெரிக்காவில் தொடங்கி, ஆள் உயரத்தையும் தாண்டிய பிரம்மாண்டமான ஸ்பீக்கர்களைப் பணக்காரர்களுக்காகச் செய்துகொண்டிருந்த பிராண்டு. இன்று நம் ஊரில் ஆன்லைனில் அதே பெயரில் கையடக்க புளூடூத் ஸ்பீக்கர் கிடைக்கிறது. ஹார்மன் விற்கிற அசல் சரக்குதான், ஏமாற்று ஒன்றுமில்லை. ஆனால் பழைய ஆடியோ பத்திரிகைகளில் இன்ஃபினிட்டி பற்றி எழுதியதைப் படித்துவிட்டு இதை வாங்கினால் அந்தப் புகழுக்கும் இந்தப் பொருளுக்கும் சம்பந்தமே கிடையாது.

எதிர்ப்பக்க உதாரணம் ஒன்றும் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்தது அது. எழுபதுகளில் பிபிசியின் பொறியாளர்கள், ஊர் ஊராகப் போகும் ஒலிபரப்பு வேனுக்குள் வைத்துக் கேட்பதற்காக எல்.எஸ்.3/5ஏ என்று ஒரு சின்ன ஸ்பீக்கரை வடிவமைத்தார்கள். ஷூ டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். அதைத் தயாரிக்கும் உரிமத்தை வெளியே கொடுத்தார்கள். ரோஜர்ஸ், ஸ்பெண்டார், சார்ட்வெல், ஹார்பெத் என்று பல கம்பெனிகள் செய்து விற்றன. முகப்பில் ஒட்டிய பெயர்தான் வேறு வேறு. உள்ளே இருந்த வூஃபரும் ட்வீட்டரும் எல்லாருக்கும் கெஃப் கொடுத்தது, அளவுகோல் பிபிசியுடையது. இன்றும் அந்தப் பழைய ஜோடிகளைத் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். அங்கே நம்பகத்தன்மை பெயர்ப்பலகையில் இல்லை, எந்த ஜோடியும் இந்த அளவைத் தாண்டி விலகக்கூடாது என்று பிபிசி விதித்த கட்டுப்பாட்டில் இருந்தது.

சரி, கடையில் நிற்கும் நமக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? பெட்டியைத் திருப்புங்கள். இந்தியாவில் விற்கும் இறக்குமதிப் பொருளின் பெட்டியில் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, தயாரான மாதமும் வருடமும், எம்.ஆர்.பி., புகாருக்கான தொலைபேசி எண் எல்லாம் இருக்க வேண்டும் என்று 2011-ன் பொட்டலப் பொருள் விதிகள் சொல்கின்றன. வெள்ளை ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் ஒட்டியிருப்பார்கள். அதைப் படித்துவிட்டுத்தான் நான் முன்பக்கமே பார்ப்பேன். ஸ்டிக்கரே இல்லையென்றால் அது யாரோ பையில் போட்டுக் கொண்டுவந்த சரக்கு, அல்லது டூப்ளிகேட். ஜேபிஎல் பெயரில் வரும் 'ஃபர்ஸ்ட் காப்பி'களைத் தூரத்திலிருந்து பார்த்து அடையாளம் கண்டுபிடிப்பது கஷ்டம், ஸ்டிக்கரில் மாட்டிக்கொள்ளும்.

திருச்சியில் இருக்கும் என் மாமா பிரபலமான ஒரு பிராண்டின் சவுண்ட் பார் வாங்கியிருந்தார். எந்த பிராண்டு என்பது இங்கே வேண்டாம். வாரண்டி முடிந்து கொஞ்ச நாளில் போன் வந்தது. "மாப்ளே, லைட்டு மட்டும் எரியுது, சவுண்டு வரமாட்டேங்குது." சர்வீஸ் சென்டரில் கழற்றிப் பார்த்துவிட்டு, போர்டு போயிடுச்சு, இந்த மாடலுக்கு இப்போ போர்டு வர்றதில்லை, புதுசு வாங்கினால் தள்ளுபடி தர்றோம் என்றிருக்கிறார்கள். மாமாவுக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. அதே ஹாலில், தொண்ணூறுகளில் ப்ளைவுட்டில் ஆசாரி அடித்துக்கொடுத்த பெட்டியில் எட்டு இன்ச் வூஃபர் போட்ட ஜோடி இன்னமும் பாடிக்கொண்டிருக்கிறது. ஒரு தடவை காயில் கருகி, மெக்கானிக்கிடம் கொடுத்து ரீகோன் செய்து, அதாவது கோனையும் காயிலையும் மாற்றி, வாங்கியதோடு சரி.

இந்த இடத்தில்தான் ஒரு முக்கியமான வித்தியாசம். ஆம்ப் தனி, ஸ்பீக்கர் தனி என்று இருக்கும் பழைய முறையில் ஸ்பீக்கர் என்பது ஒரு பெட்டி, வூஃபர் ட்வீட்டர் என்று இரண்டு டிரைவர், ஒலியை அவற்றுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஒரு கிராஸ்ஓவர், அவ்வளவுதான். கெட்டுப்போக அதில் அதிகம் ஒன்றும் கிடையாது. எது போனாலும் சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊரின் ஏதாவது ஒரு ஆடியோ மெக்கானிக்கிடமோ வழி பிறக்கும். சவுண்ட் பார், வைஃபை ஸ்பீக்கர் என்று வந்துவிட்டால் உள்ளே ஒரு கம்ப்யூட்டரே உட்கார்ந்திருக்கிறது. சோனோஸ் 2020-ல் தன் பழைய மாடல்களுக்கு மென்பொருள் புதுப்பிப்பை நிறுத்தியபோது, கோனும் காயிலும் நன்றாக இருந்த கருவிகள் பழசாகிவிட்டன. சவுண்ட் பாரே வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. வாங்கினால் அதை டி.வி. மாதிரி சில வருடக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், சொத்துக் கணக்கில் வைக்காதீர்கள்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒரு சமாச்சாரம். வூஃபர் கோனைச் சுற்றி ஒரு வளையம் இருக்குமே, அது ஃபோமா ரப்பரா என்று கேளுங்கள், விரலால் லேசாகத் தொட்டும் பாருங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஃபோம் வருடக்கணக்கில் மெல்ல மக்கி, ஒருநாள் விரல் பட்டதும் பொடிப்பொடியாக உதிரும். ரப்பர் தாக்குப்பிடிக்கும். செகண்ட்ஹேண்டில் பழைய பெரிய பிராண்டு ஸ்பீக்கர் மலிவாகக் கிடைத்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்த வளையத்தைத்தான். பெட்டியின் பின்னால் பேஸ் வருவதற்காக விட்டிருக்கும் ஓட்டை வழியாகக் கரப்பான் பூச்சி குடியேறும், பல்லி முட்டை வைக்கும். இதற்கு எந்த பிராண்டும் வாரண்டி தராது.

வாட் கணக்குக்கு வருவோம். ஒரு காலத்தில் டேப் ரெக்கார்டர் நெற்றியில் 2,000 வாட், 5,000 வாட் பி.எம்.பி.ஓ. என்று தங்க எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த எண்ணுக்கு எந்தப் பொது அளவுமுறையும் கிடையாது, கம்பெனி இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்வது. இன்றும் வேறு வேஷத்தில் வருகிறது. சரிபார்க்க சுலபமான வழி, கருவியின் பின்னால் மின்சாரம் எவ்வளவு எடுக்கும் என்று எழுதியிருப்பதைப் பார்ப்பது. 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டரில் ஓடும் ஸ்பீக்கருக்கு உள்ளே போவதே 24 வாட்தான். மின்கலன் எதுவும் இல்லாமல் அது 100 வாட் சத்தம் தொடர்ந்து தருகிறது என்றால் மின்வாரியமே வந்து பார்க்க வேண்டிய அதிசயம்.

வாட்டைவிடப் பயனுள்ள எண் ஒன்று ஸ்பெக் தாளில் இருக்கும்: சென்சிடிவிட்டி. 87 டெசிபெல் என்று போட்டிருந்தால், எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபெல் சத்தம் என்று பொருள். நாம் சாதாரணமாகப் பேசுவது 60 டெசிபெல் வாக்கில். அதாவது ஒரே ஒரு வாட்டிலேயே வீடு நிறைய சத்தம் வந்துவிடுகிறது. மூன்று டெசிபெல் கூட வேண்டுமென்றால் ஆம்ப் இரண்டு மடங்கு சக்தி தர வேண்டும். 84 டெசிபெல் ஸ்பீக்கருக்கும் 90 டெசிபெல் ஸ்பீக்கருக்கும் நடுவில் ஆம்ப் வேலையில் நாலு மடங்கு வித்தியாசம். சென்சிடிவிட்டி அதிகமுள்ள கிளிப்ஷ் மாதிரி ஹார்ன் ஸ்பீக்கர்கள் சின்ன ஆம்பிலேயே கர்ஜிப்பது இதனால்தான்.

பெயருக்கும் காதுக்கும் உள்ள உறவை ஒருவர் சோதித்தே காட்டியிருக்கிறார். கனடா தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் பல வருடம் ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் மறைத்து வைத்துக் கேட்கச் சொல்லி ஆராய்ந்த ஃபிளாய்ட் டூல், பிறகு ஹார்மனில் சேர்ந்தார். 1994-ல் அவரும் ஷான் ஆலிவும் ஹார்மன் ஊழியர்களையே உட்கார வைத்து, அதே ஸ்பீக்கர்களைக் கண்ணால் பார்த்தபடி ஒருமுறை, பார்க்காமல் ஒருமுறை மதிப்பெண் போடச் சொன்னார்கள். பார்த்தபோது பெரிய, அழகான, தங்கள் கம்பெனி ஸ்பீக்கர்களுக்கு வாரி வழங்கினார்கள். திரை போட்டதும் அந்த வித்தியாசம் பெரும்பாலும் சுருங்கிவிட்டது. டூலின் மொத்த ஆராய்ச்சியின் இன்னொரு முடிவு: பெயர் தெரியாதபோது பெரும்பாலானவர்களுக்குப் பிடிப்பது, எந்த ஸ்தாயியையும் தூக்கியோ அமுக்கியோ காட்டாமல், நேரே மட்டுமில்லாமல் பக்கவாட்டிலும் ஒரே சீராக ஒலிக்கும் ஸ்பீக்கர்தான். அதனால் நல்ல பிராண்டுக்கு என்னுடைய இன்னொரு அடையாளம், அளந்த வரைபடத்தை வெளியிடத் தயங்காதவர்கள் என்பது. போஸ் இந்த விஷயத்தில் வாய் திறப்பதில்லை. அமர் போஸ் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. வங்காளத் தந்தைக்குப் பிறந்து எம்.ஐ.டி.யில் பாடம் நடத்திக்கொண்டே கம்பெனி கட்டியவர், 2011-ல் பங்குகளில் பெரும்பகுதியை எம்.ஐ.டி.க்கே எழுதி வைத்தவர். அந்த மரியாதைக்காக எண்களைக் காட்டாத ஸ்பீக்கரை நான் வாங்கமாட்டேன், அவ்வளவுதான்.

எண் ஒரு பக்கம். கடையில் கேட்டுப் பார்ப்பது இன்னொரு பக்கம். டெமோவுக்குக் கடைக்காரர் போடும் பாட்டைக் கேட்காதீர்கள், அது எந்த ஸ்பீக்கரிலும் நன்றாகக் கேட்கும்படி தேர்ந்தெடுத்தது. நான் முதலில் போடுவது ஒரு மனிதக் குரல், பின்னணி இசை இல்லாத வெறும் பேச்சு. நம் காதுக்கு அதைவிடப் பழக்கமான ஒலி கிடையாது. நெஞ்சிலிருந்து வரவேண்டிய குரல் பானைக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்டால் பெட்டி அதிர்கிறது. 'ச', 'ஸ' எல்லாம் ஊசியாகக் குத்தினால் ட்வீட்டர் தூக்கலாக இருக்கிறது.

அடுத்து மிருதங்கம். கச்சேரிப் பதிவு ஒன்றில் தனி ஆவர்த்தனத்தைப் போடுங்கள். வலந்தலையில் விழும் சாப்பு கணீரென்று தெறித்து உடனே நிற்க வேண்டும். தொப்பியில் வித்வான் உள்ளங்கையை அழுத்தித் தேய்க்கும்போது கும்கி 'கூம்' என்று மேலே ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் தெளிவாகக் கேட்க வேண்டும். பேஸுக்காகவே தூக்கிவிட்ட ஸ்பீக்கர்களில் கும்கி ஏறாது இறங்காது, எல்லா அடியும் ஒரே 'டொம்'மாக வரும். இளையராஜா பாட்டுகளில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டு போகும் அல்லவா, அதுவும் இப்படிப்பட்ட ஸ்பீக்கரில் வெறும் உறுமலாகிவிடும். சினிமா டிரெய்லர் போட்டுப் பார்த்து வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்கவே மாட்டார்கள்.

இரண்டு ஸ்பீக்கர்களை மாற்றி மாற்றிக் கேட்கும்போது சத்தம் இரண்டிலும் ஒரே அளவில் இருக்கும்படி வால்யூமைச் சரிசெய்யச் சொல்லுங்கள். ஒரு துளி சத்தம் கூடுதலாக இருப்பதே 'நல்ல சவுண்டு' என்று நம் காது நினைத்துக்கொள்ளும். விற்பனையாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

கடையில் கேட்டது வீட்டில் வராது என்பதையும் மனதில் வையுங்கள். நம் ஹால்கள் வழவழ டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை, சுண்ணாம்பு பூசிய செங்கல் சுவர். எதுவும் ஒலியை உறிஞ்சாது. 12 அடி நீள அறையில் இரண்டு சுவருக்கு நடுவே 47 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒலி மாட்டிக்கொண்டு எதிரொலிக்கும்; பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ், அதனால் அதற்கு அடுத்தடுத்த ஸ்வரங்களில் ஏதோ ஒன்று உங்கள் வீட்டில் மட்டும் பூதமாக எழுந்து நிற்கும். ஸ்பீக்கரை ஷோகேஸ் அறைக்குள் செருகினாலோ மூலையில் தள்ளினாலோ இது இரட்டிப்பாகும். சுவரை விட்டு ஒரு முழமாவது முன்னால் இழுங்கள். ட்வீட்டர் நீங்கள் உட்காரும்போது காது மட்டத்துக்கு வரட்டும். தரையில் ஒரு கனமான பவானி ஜமுக்காளம், ஜன்னலுக்குக் கெட்டியான திரை, ஒரு பக்கச் சுவரில் புத்தக அலமாரி. கூச்சல் பாதி அடங்கிவிடும். இதைச் செய்யாமல் விலையில் அடுத்த படிக்குத் தாவுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

இனி பெயர்கள். டி.வி.க்கும் எப்.எம்.முக்கும் மட்டும் என்றால் சென்னையில் தலைமையகம் வைத்திருக்கும் ஸெப்ரானிக்ஸ் மாதிரி பிராண்டுகள் போதும். சர்வீஸ் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, கும்கியை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். சின்ன அறை, தனி ஆம்ப் வேண்டாம் என்றால் எடிஃபயரின் ஆம்ப் உள்ளேயே இருக்கும் ஜோடிகள். ஆம்போடு சேர்த்து ஒழுங்காகக் கட்டவேண்டும் என்றால் வார்ஃப்டேல் டயமண்ட் அல்லது போல்க். இன்னும் கொஞ்சம் கை நீளும் என்றால் கெஃப். உள்நாட்டுக் கம்பெனிதான் வேண்டும் என்பவர்களுக்கு, 1970-ல் கொல்கத்தாவில் தொடங்கி இன்றும் ஸ்பீக்கர் செய்துவரும் சோனோடைன் இருக்கிறது. அதை நம்மவர்கள் போதிய அளவு கண்டுகொள்ளவில்லை என்பது என் குறை. பிறந்தநாள் பார்ட்டிக்கும் மொட்டைமாடி ஆட்டத்துக்கும் ஜேபிஎல்லை மிஞ்ச ஆளில்லை, அதில் சந்தேகமே வேண்டாம்.

எதை வாங்கினாலும் பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்த வெள்ளை ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணுக்கு ஒரு போன் போடுங்கள். "இந்த மாடலுக்கு வூஃபர் மட்டும் தனியா கிடைக்குமா, என்ன விலை, எங்க ஊர்ல யார் மாத்திக் கொடுப்பாங்க?" என்று கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்பவர்களின் ஸ்பீக்கரை வாங்குங்கள்.